மேடையில் உடைத்த தேங்காய்

பூனாவில் நான் போட்ட பந்தல் காற்றுக்குச் சாய்ந்தது என்று எவனும் சொல்ல முடியாது. மூன்றாம் வகுப்போடு நின்றாலும் சொந்தக் கையால் முன்னுக்கு வந்தவன் நான். அப்படிப்பட்டவன் செய்த மடத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

அறுபதுகளில், மராத்திக்காரர்களின் வருடப்பிறப்பை ஒட்டி கோர்படி ரயில்வே காலனியில் கலைவிழா நடந்தது. பந்தல் என் உபயம். முதலில் பாட இருந்தவள் ஓர் எஞ்சின் டிரைவரின் மகள். அவளுக்கு அதுதான் முதல் மேடை. அவள் அப்பா ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போயாக வேண்டும்.

பாட்டுக்கு முன் என்னை மேடையேற்றி, சால்வை போர்த்தி, கையில் தேங்காய் கொடுத்தார்கள். அங்கே அது மரியாதை. முழுசாக வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு பயலாவது முன்னாடியே சொன்னானா? விழாவைத் தொடங்கி வைக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்து, மேடையிலேயே ஓங்கி உடைத்தேன். தண்ணீரெல்லாம் தபேலாத் தோலில் கொட்டியது.

"இது இன்னிக்குப் பேசாது, சேட்," என்று சொல்லிவிட்டு, தபேலாக்காரர் வேறொன்று எடுத்துவர சைக்கிளில் கிளம்பினார்.

"உங்களை யாரு உடைக்கச் சொன்னா?" என்றாள் என் மனைவி. சால்வைக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் எழுந்து என்னிடம் வந்தார்.

"பந்தல் ரொம்ப நல்லா இருக்கு, சேட். எம்பொண்ணு எப்படிப் பாடினான்னு நாளைக்கு வந்து கேக்கறேன்," என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் வேறு தபேலா வந்து, அந்தப் பெண் பாடினாள்.

திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டு, அன்றோடு மறந்திருப்பேன். மறுநாள் வந்து எதிரே உட்கார்ந்தார். ஊரெல்லாம் வாய் ஓயாமல் பேசுகிறவன், "நல்லா பாடிச்சு" என்று மட்டும் சொன்னேன். அவர் இன்னும் கேட்பதற்காகக் காத்திருந்தார்.