ஒரே வரிசையில் ரெண்டு ஒட்டகச்சிவிங்கி

போன மாதம் விமானக் கம்பெனியிலிருந்து ஒரு மெசேஜ். ‘செயல்பாட்டுக் காரணங்களால் தங்கள் விமானத்தின் வகை மாற்றப்பட்டுள்ளது.’ அவ்வளவுதான். பஸ்ஸை மாற்றிவிட்டால் கண்டக்டரை நாலு கேள்வி கேட்கலாம். இவர்களை யார் கேட்பது?

எங்கள் முதலாளி நாச்சிமுத்துவுக்கு மண்ணரை ஏரியாவில் பனியன் கம்பெனி. நான் அங்கே சாம்பிள் செக்‌ஷன். எங்களிடம் துணி வாங்குகிற பையரைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பினோம். கூடப் போகவேண்டியவர் ஆர்டர்களைக் கவனிக்கிற, எம்.பி.ஏ. படித்த மெர்ச்சண்டைசர். அவருக்கு விசா கிடைக்கவில்லை. பத்தாவதைப் பாதியில் விட்ட எனக்குக் கிடைத்துவிட்டது. விசா ஆபீஸிலும் குசும்பு பிடித்தவர்கள் இருக்கிறார்கள் போல!

விஷயம் கொஞ்சம் சீரியஸ். குழந்தைகள் நைட் டிரெஸ் ஆர்டர். வழக்கமாக எங்களுக்கு வருவது. இந்த முறை பையர், ‘இன்னொருத்தர் உங்களைவிடக் கம்மியாகத் தருகிறார், குறையுங்கள்’ என்று மெயில் மேல் மெயில். முதலாளியும் குறைத்தார்... மறுபடி குறைத்தார். இன்னும் குறைத்தால் நஷ்டம். குறைக்காவிட்டால் ஆர்டர் போய்விடும் — கம்பெனியில் பின்னால் இருக்கிற இரண்டு தையல் லைனையும் நிறுத்தவேண்டும். அங்கே தைக்கிறவர்களிடம் ‘நாளையிலிருந்து வரவேண்டாம்’ என்று யார் சொல்வது? என்னைத்தான் அனுப்புவார்.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம். பையரைப் பார்க்கப் போகிற யாரும் அதை வெளியே சொல்லமாட்டார்கள். சொன்னால் பக்கத்துக் கம்பெனிக்காரர் மோப்பம் பிடித்துவிடுவார் அல்லவா? எங்கள் முதலாளி, பழனிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கோட் சூட்டோடு பழனிக்கா என்று நான் கேட்டதை அவர் ரசிக்கவில்லை.

ப்ளைட்டுக்கு வருவோம். முதலில் சொன்னது, உள்ளே இரண்டு நடைவழி உள்ள பெரிய ப்ளைட். முன்னால் முதலாளிக்குக் கட்டில் மாதிரி நீட்டிப் படுக்கிற சீட். பின்னால்... ரொம்பப் பின்னால், எனக்கு ஒன்று. மாற்றி விட்டதோ ஒரே நடைவழி. இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. டவுன் பஸ்ஸுக்கு இறக்கை வைத்த மாதிரி! இப்போதெல்லாம் இந்தச் சின்ன ப்ளைட்டே அவ்வளவு தூரமும் நிற்காமல் பறக்கிறதாம். எரிபொருள் மிச்சமாம்.

அதில் கட்டில் சீட் கொஞ்சம்தான். முதலாளிக்கு இல்லை. மிச்சப் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி, என் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டார்கள்.

“ஏன்டா, முட்டியை எங்கடா வெக்கிறது?”

“மடியில வெச்சுக்கோங்க மொதலாளி.”

முறைத்தார். அதற்குள் ஜன்னல் சீட்டுக்கு ஒருத்தர் வந்து நின்றார். எங்கள் கம்பெனிக்கு நேர் எதிர் கம்பெனிக்காரர், சென்னியப்பன்! அவருக்கும் கட்டில் போய்விட்டது.

“ஏனுங்க... பழனிக்குன்னுங்களா சொன்னீங்க?” என்றார் அவர்.

“ஆமாங்க. நீங்க தாராபுரத்துல காதுகுத்துன்னீங்க?” என்றார் முதலாளி.

“ஆமாங்க.”

“ரெண்டுக்குமே இப்படியும் போலாமுங்க” என்றேன். இரண்டு பக்கமிருந்தும் முறைப்பு.

நடு சீட்டில் நான், மதில் மாதிரி. மேலே சாமான் வைக்கிற இடம் நிரம்பிவிட்டதால், ப்ளைட் கிளம்பியதும் சென்னியப்பன் தன் பையைக் காலடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஜிப் கொஞ்சம் திறந்திருந்தது. குட்டியாக ஒரு கை வெளியே எட்டிப் பார்த்தது. நைட் டிரெஸ்ஸின் கைதான், பயப்படாதீர்கள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. துணியைப் பார்த்தால் இரண்டு விரல் தானாக நீளும். கல்யாண மேடையில் மாப்பிள்ளை சட்டையைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கை கொடுப்போம். முதலாளியின் விரல் என் நெஞ்சைத் தாண்டி நீண்டது. தேய்த்தது.

“இண்டர்லாக்” என்று துணியின் ரகத்தை முனகினார். லேசாக இழுத்தார். வெளியே வந்தது ஒரு மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி பிரிண்ட்.

முதலாளியின் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! தன் பையைத் திறந்து எங்கள் சாம்பிளை எடுத்தார். அதிலும் அதே மஞ்சள் ஒட்டகச்சிவிங்கி.

இரண்டும் என் மடிமேல் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

“உங்ககிட்ட அந்தப் பையரு, இன்னொருத்தன் கொறச்சுத் தர்றான்னானுங்களா?” — சென்னியப்பன் மெதுவாகக் கேட்டார்.

“ஆமாங்க. உங்ககிட்ட?”

“அதேதானுங்க. நானும் ரெண்டு தடவ கொறச்சுட்டனுங்க.”

“அப்ப அந்த இன்னொருத்தன்...”

“நீங்கதானுங்க!”

“நீங்களுமுங்க!”

அப்புறம் என்னை ஜன்னல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். இத்தனை வருஷமாகத் தெருவில் பேசாததையெல்லாம் முட்டி இடிக்க இடிக்கப் பேசினார்கள். நூல் விலையிலிருந்து ஆரம்பித்து, யார் கம்பெனியில் டீ நன்றாக இருக்கும் என்பது வரை.

மறுநாள் பையரின் ஆபீஸில் எங்கள் முறை. பையர் சிரித்துக்கொண்டே அதே பாட்டைப் பாடினார்: இன்னொருத்தர் கம்மியாகத் தருகிறார்.

முதலாளி என்னைப் பார்த்தார். “அவரு வெளிய ரிசப்ஷன்லதான் உக்காந்திருக்காரு, கூப்பிடட்டுங்களான்னு கேளு கண்ணு.”

என் இங்கிலீஷில் கேட்டேன். இலக்கணம் எப்படியோ... பையரின் சிரிப்பு நின்றதைப் பார்த்தால் அர்த்தம் போய்ச் சேர்ந்துவிட்டது.

முழு ஆர்டரும் கிடைக்கவில்லை. பாதி எங்களுக்கு, பாதி சென்னியப்பனுக்கு. குறைப்பதற்கு முன்னால் சொன்ன ரேட்டில். ஒரு லைனுக்கு இது போதும். இன்னொன்றுக்கு முதலாளி லோக்கல் ஆர்டர் பிடித்துப் போட்டிருக்கிறார். யாரையும் வரவேண்டாம் என்று சொல்லவில்லை. நான் சொல்லவேண்டியும் வரவில்லை.

போன வாரம் விமானக் கம்பெனியிலிருந்து மறுபடி மெசேஜ். அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம். எத்தனை ஸ்டார் தருவீர்கள்?

“அஞ்சும் போட்டு உடுடா” என்றார் முதலாளி.

“எதுக்குங்க? படுக்கக்கூட எடம் தரலையே!”

“படுக்க எடம் குடுத்திருந்தா தூங்கியிருப்பனேடா!”