வேப்பிலை கட்டிய லயம்

நிலாவில் மனுஷன் இறங்கியதாக ரேடியோ சொன்ன வருஷம், எங்கள் தோட்டத்து லயத்தில், வரிசையாக ஒட்டிய தொழிலாளர் வீடுகளில், மலேரியா பரவியது.

சுவரில் மருந்தடிக்க ஆட்கள் வரப்போகிறார்கள் என்றதும் பக்கத்துக் காம்பராவில் குடியிருந்த முத்தையா அண்ணன் சொன்னார்: "முதல்ல கோழி சாவும். அப்புறம் புள்ளைங்க."

அம்மை கண்ட வீட்டுக்குள் வெளியாள் நுழையமாட்டார். அதனால் அவர் யோசனைப்படி எல்லாக் கதவிலும் வேப்பிலை கட்டினார்கள். மருந்தடிக்க வந்தவர்கள் வாசலோடு திரும்பினார்கள். லயமே சிரித்தது.

பிறகு என் தங்கச்சிக்கு மலேரியா வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறிக்காரரைக் கெஞ்சினேன்.

"அம்மை கண்ட ஆள ஏத்தமாட்டேன், தம்பி."

"அம்மை இல்லண்ணே, மலேரியாக் காய்ச்சல்."

"அப்ப வேப்பிலை எதுக்குக் கட்டியிருக்கீங்க?"

லொறி போய்விட்டது. மறுநாள் தங்கச்சியும் போய்விட்டாள்.

இன்று மாத்தளையில் எங்கள் தெருவில் டெங்குவுக்குப் புகை அடித்தார்கள். ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. போய்த் தட்டினேன்.

"தொறக்க மாட்டேன் தம்பி. அந்தப் புகை நெஞ்சுல ஏறுனா ஆளு காலி. நீயும் வூட்டுக்குள்ள போ!"

நீங்களே சொல்லுங்கள், இவரிடம் நான் என்ன பேச? அந்த லயத்து ஆட்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருப்பவர் இவர் ஒருவர்தான், அதே பக்கத்துக் காம்பரா முத்தையா அண்ணன்.