சந்திப் பலகையில் ஒரு வரி

பதுளை மணிக்கூட்டுச் சந்தியை அழகுபடுத்தியபோது, அதன் வரலாற்றைச் சொல்லும் பலகை ஒன்றையும் மூன்று மொழிகளில் வைக்க மாநகர சபையில் முடிவு செய்தார்கள். தமிழ் என் தலையில் விழுந்தது. எப்போதோ ஒருமுறை பஸ் நிலையப் பலகையிலிருந்த தமிழ்ப் பிழையைச் சுட்டிக்காட்டிய பாவத்துக்கு, ஊரிலுள்ள பலகையெல்லாம் என்னிடம்தான் வருகின்றன. பாடசாலை விட்டு வந்து, பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தி முடித்து, அதற்கு மேல் இதுவும். முடியாது என்று சொல்லிவிட ஒவ்வொரு முறையும் நினைப்பேன். அதைச் சொல்லவும் தெம்பு வேண்டுமே.

சிங்களத்தில் வந்த பக்கத்தைப் படித்தேன். மன்னர் காலம், வெள்ளைக்காரன் காலம், தேயிலை கொண்டுபோன வண்டிப் பாதை, மணிக்கூடு, சந்தை என்று எல்லாம் இருந்தன. தேயிலை இருந்தது, அதைப் பறித்தவர்கள் இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை. எத்தனை முறைதான் கோபப்படுவது?

ஆனால் அக்காவின் ஞாபகம் வந்தது. நமுனுகுலப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தவள் அவள். எங்கள் மாமா மகனுக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். இலங்கையா இந்தியாவா என்று தோட்டத்து ஆட்களைப் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போடச் சொன்ன காலத்தில் அப்பா இலங்கைக்குப் போட்டார், மாமா இந்தியாவுக்குப் போட்டார். ஒரே லயத்து வீட்டு வரிசையில் அடுத்தடுத்த காம்பராவில் குடியிருந்த மச்சான்மார் இரண்டு பேரும், கலியாணப் பேச்சை ஒரு பக்கம் பேசிக்கொண்டே, மறுபக்கம் ஆளுக்கொரு நாட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒரே நாட்டுக்கு எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்தியா என்பது பண்டாரவளைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நினைத்தார்களோ என்னவோ.

மாமா குடும்பத்துக்குப் பாஸ்போர்ட் வந்தது. தோட்டத்து லொறி அவர்களைக் கொண்டுவந்து இந்தச் சந்தியில்தான் இறக்கியது. வழியனுப்ப வந்த மற்றவர்களெல்லாம் ஸ்டேஷன் வரை போய் அழுதுவிட்டு வந்தார்கள். அக்கா சந்தியோடு நின்றுவிட்டாளாம். மறுநாள் காலை வழக்கம்போல், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள். பிறகு வந்த எந்த மாப்பிள்ளையையும் அவள் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

அவளுக்காக ஒரு வரியைச் செருகினேன். 'இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இச்சந்தியில் லொறிகளிலிருந்து இறங்கி, மூட்டை முடிச்சுகளோடு ரயில் நிலையத்துக்கு நடந்து சென்றன.' தமிழில் மட்டும்தான். அலுவலகத்தில் தமிழ் வாசிக்க ஆளில்லை என்ற தைரியம்.

"தமிழ் மட்டும் ஏன் மாஸ்டர் இவ்வளவு நீளம்?" என்று அதிகாரி போனில் சிங்களத்தில் கேட்டார்.

"தமிழ் அப்படித்தான் சேர், நீளமாகத்தான் வரும்" என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் இப்படி ஒரு களவு. பலகை அந்த வரியோடு ஏறிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவை வரச் சொன்னேன். பசறை வழியாக வரும் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருக்கிறாள். இறங்கியதும் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். புதிதாகப் போட்டிருந்த பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார வைத்து, பிறகு மெதுவாகப் பலகைக்கு முன்னால் கூட்டிப் போனேன். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும் என்பதால், நானே அந்த வரியை வாசித்துக் காட்டினேன். பெருமையாகத்தான் வாசித்தேன், பொய் சொல்லக் கூடாது.

"இன்னொரு தடவ படி" என்றாள்.

படித்தேன்.

"நீயா எழுதுன?"

"ஆமாக்கா. ஒனக்காகத்தான்."

அவள் பலகையைப் பார்க்கவில்லை. ஸ்டேஷன் பக்கம் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போனவங்களத்தான் எழுதியிருக்க" என்றாள். "நின்னவங்கள எழுதலையே தம்பி."

இத்தனை வருஷத்தில், அன்றைக்கு நீ ஏன் ஸ்டேஷனுக்குப் போகவில்லை என்று நான் அவளிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.