கழுத்து இறுகிய ஸ்வெட்டர்

மலாயாவில், ரந்தா டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஸ்வெட்டர் போட்டவர் எவரும் இல்லை. அந்த வெயிலுக்கு அது எதற்கு? ஆனாலும் எனக்குப் பின்னத் தெரிந்திருந்தது. துரை பங்களாவில் நாலு வருஷம் குழந்தை பார்க்கும் ஆயாவாக இருந்தேன். துரைசாணி ஓயாமல் எதையாவது பின்னிக்கொண்டிருப்பார். உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை. மடியில் குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டு நானாகத்தான் அவர் விரல்களைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் அவர்கள் ஒரே காலையில் காரில் ஏறிப் போய்விட்டார்கள். போகுமுன் பூச்சி அரித்த ஒரு சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையைத் துரைசாணி என்னிடம் கொடுத்தார். அதை வாங்கிப் பெட்டிக்கடியில் வைத்தவள் ஒரு வருஷத்துக்கும் மேல் தொடவே இல்லை. பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுப்பது நின்று, தோட்டமெங்கும் மரவள்ளி நட்டு, அதையே மூன்று வேளையும் தின்ற காலம் அது. துணி கிடைக்காமல் சாக்கைக் கத்தரித்துக் கட்டிக்கொண்டோம்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, கூலி வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றுக்கும் இத்தனை ஆள் என்று, எங்களை வேலை வாங்கும் மண்டோர் பெயர் படித்தார். சயாமில் ரயில் ரோடு போட மூன்று மாத வேலை என்றார். என் வீட்டுக்காரர் பெயரும் இருந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

"பத்து நாளு டைம் குடுத்திருக்காங்க. மூணு மாசந்தானே புள்ள, கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள வந்துருவேன்" என்றார்.

"அங்க காட்டுல குளிரு தாங்காதாமே?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க."

மறுநாள் அவர் மூங்கிலைச் சீவி, கண்ணாடிச் சில்லால் வழவழவென்று தேய்த்து, எண்ணெய் பூசி இரண்டு ஊசி செய்துகொண்டு வந்து என்னிடம் நீட்டினார். நான் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து சட்டையை எடுத்ததை எப்படியோ பார்த்திருக்கிறார்.

பழைய கம்பளியைப் பிரிப்பதில் அவசரம் கூடாது. தையலை முதலில் வெட்டிவிட்டு, பின்னி முடித்த முனையிலிருந்து இழுக்கவேண்டும். தொடங்கிய முனையிலிருந்து இழுத்தால் சிக்கும். பிரிந்த நூல் சுருள் சுருளாக நிற்கும். அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழும். நனைத்து, கீழே ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தால் நேராகும். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் உடம்பில் உறுத்தும். அதனால் இரண்டு முனைகளையும் பிரித்துவிட்டு, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, எச்சில் தொட்டு உள்ளங்கையில் சூடேறத் தேய்த்து ஒட்டவைத்தேன். பூச்சி அரித்த சட்டையில் அப்படி எத்தனை இடமோ. நூல் குறைவு என்பதால் கையில்லாத ஸ்வெட்டர்தான் வரும் என்று முதலிலேயே தெரிந்துவிட்டது.

இதெல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். ஒன்றை மட்டும் விட்டேன். எதையும் தொடங்குமுன் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, ஒரு சாணுக்கு எத்தனை கண்ணி வருகிறது என்று எண்ணிப் பார்க்கவேண்டும். துரைசாணி ஒருபோதும் இதைத் தவறவிட்டதில்லை. எனக்கு நாள் போதாது என்று பயம். அவர் மார்பைக் கயிற்றால் அளந்துகொண்டு தொடங்கிவிட்டேன். அவர் மரவள்ளி தோண்டிவிட்டு மத்தியானம் திரும்பும்போது வாசலில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து நூலுருண்டையைப் பிடித்துக்கொள்வார்.

கடைசி நாள் காலையில்தான் கழுத்தோரத்தை முடித்தேன். லாரி ஆபீஸ் முன்னால் வந்து நின்றுவிட்டது. அவர் தலையில் மாட்டினேன். நெற்றியோடு நின்றுவிட்டது. இழுத்தேன், இறங்கவில்லை. கண்ணிகளை முடிக்கும்போது கை தளரவேண்டும், தடித்த ஊசியால் முடித்தால் இன்னும் நல்லது. முதலில் எண்ணிப் பார்க்காததால் கழுத்துக்குக் கண்ணி குறைவு, அதோடு அன்று என் கையும் இறுகிக் கிடந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பின்னியிருந்தேன்.

"விடு புள்ள, என் தல பெருத்துப் போச்சு" என்று சிரித்தார்.

"கொஞ்சம் இருங்க, பிரிச்சுக் குடுத்துடறேன்."

"லாரி நிக்காது லா. வெச்சிரு. வந்து போட்டுக்கறேன்."

ஸ்வெட்டரை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். லாரியில் நின்றவர்களுக்குள் அவர் முகத்தைத் தேடுவதற்குள் லாரி வளைவில் திரும்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து கழுத்தைப் பிரித்தேன். நழுவி இரண்டு மூன்று வரிசை கீழே ஓடிய கண்ணிகளை ஒரு வளைந்த குச்சியால் படிப்படியாகத் தூக்கி ஊசியில் ஏற்றினேன். தடித்த ஊசி ஒன்றை நானே மூங்கிலில் சீவினேன். அவர் செய்ததுபோல் வழவழப்பாக வரவில்லை, கையில் சிலாம்பு ஏறியது. மண் சுமப்பார்கள் என்று கேள்விப்பட்டு, தோளில் உள்பக்கமாக இன்னொரு துண்டு பின்னி வைத்துத் தைத்தேன். இம்முறை என் தலையிலேயே போட்டுப் பார்த்தேன். தாராளமாக இறங்கியது.

அனுப்ப வழியில்லாமல் ஒன்றரை மாதம் கிடந்தது. வைகாசி கடைசியில் மறுபடியும் பெயர் படித்தார்கள். எதிர் லயத்தில் இருந்த ஒரு பையன், என்னை அக்கா என்று கூப்பிடுவான், கல்யாணமாகாதவன், அவன் பெயர் வந்தது. ஸ்வெட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மாமாவக் கண்டுபுடிச்சுக் குடுத்துடறேன்க்கா. இது என் பொறுப்பு" என்றான்.

மூன்று மாதம் என்றார்கள். இரண்டு வருஷம் போயிற்று. ஜப்பான்காரன் தோற்றுப்போய் வெள்ளைக்காரன் திரும்பிய பிறகு, எங்கள் தோட்டத்திலிருந்து போனவர்களில் நாலு பேர் வந்தார்கள். அந்தப் பையன் அதில் ஒருவன். காலில் புண், தோலும் எலும்புமாக என் வாசலில் நின்றான்.

"மாமா போயிட்டாருக்கா."

நான் அழவில்லை. "குடுத்தியா?" என்றுதான் கேட்டேன்.

"குடுத்தேன். போட்டுக்கிட்டாரு. சரியா இருந்துச்சுக்கா."

"எப்ப போனாரு?"

காலிலிருந்த புண்ணில் ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னான். "ஆடி அமாவாச அன்னிக்கி. காய்ச்சலு. கஷ்டப்படல."

அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது. அதோடு ஒரு ஆறுதலும் வந்ததை மறைப்பதற்கில்லை. என் கையால் செய்தது கடைசியில் அவர் உடம்பில் இருந்தது. நாள் தெரிந்ததால் ஆடி அமாவாசைதோறும் இலை போட்டேன்.

அவனுக்குக் கல்யாணம் நடந்தது. முதல் குழந்தை பிறந்தபோது, ரந்தாவில் நூல் வாங்கி அதற்கு ஒரு சட்டை பின்னத் தொடங்கினேன். அவனுக்கு நான் வேறென்ன செய்யமுடியும்? ஒரு சாயங்காலம் அவன் வந்து என் கையிலிருந்ததைப் பார்த்தான்.

"யாருக்குக்கா?"

"உன் புள்ளைக்குத்தான். நீ எனக்குச் செஞ்சதுக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"வேணாம்க்கா. நான் மாமாவப் பாக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அவரு வேற கேம்ப்புக்கா. எங்கெங்கயோ கேட்டேன். பாத்தேன்னு சொல்ல ஒருத்தர்கூட இல்ல. மழையில காய்ச்சல் வந்து வெடவெடன்னு ஆடுனப்போ நான்தான் எடுத்துப் போட்டுக்கிட்டேன். கந்தலா உதிர்ற வரைக்கும் போட்டிருந்தேன். அது இல்லாட்டி செத்திருப்பேன்க்கா."

"அப்ப அந்த நாளு?"

"திரும்பி வராதவங்க போய்ச் சேந்துட்டாங்கன்னுதான் நெனச்சேன். நீங்க நாளு கேட்டீங்க. செத்தவங்க எல்லாத்துக்கும் பொதுவான நாளுன்னு வாயில வந்தத சொல்லிட்டேன்."

ஊசியை உருவிவிட்டு உள்ளே போனேன். அவன் வாசலில் வெகுநேரம் அழுதது கேட்டது. நான் வெளியே வரவில்லை. ஒரு மாதம் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பொய் சொன்னதற்கா, போட்டுக்கொண்டதற்கா, உயிரோடு வந்ததற்கா, எதற்குக் கோபம் என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவதுதான் காரணமோ என்று தோன்றியபோது என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

ஊசி உருவிய துணி பெட்டிமேல் அப்படியே கிடந்தது. வாய் திறந்த கண்ணிகளை இழுக்காமல் விட்டால் அவை அவ்வளவு சீக்கிரம் ஓடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஊசியில் ஏற்றி எண்ணிப் பார்த்தேன், ஒன்றும் குறையவில்லை. பின்னி முடித்து அவன் மனைவியிடம் கொடுத்தேன். அதற்கப்புறம் அவனோடு பேசினேன். முன்போல் இல்லை. ஆனாலும் பேசினேன்.

ஆடி அமாவாசைக்கு இன்றும் இலை போடுகிறேன். வேறு நாள் எனக்குக் கிடைக்கவில்லை. பரிமாறிவிட்டு உட்காரும்போது, அந்த வருஷம் அந்த நாளில் அவர் எங்கோ மழையில் நனைந்துகொண்டு உயிரோடு இருந்திருப்பாரோ என்று நினைப்பு வந்துவிடும். அன்று எனக்குச் சோறு இறங்குவதில்லை.