எழுந்து ஓடிய கால்கள்

ஒரு நோட்டுத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. கல்லூரியில் விஸ்காம் இரண்டாம் ஆண்டு படித்தபோது எழுதியது. விளையாட்டுப் படம் ஒன்றின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் எடுத்துவரச் சொல்லியிருந்தார் எங்கள் ஆசிரியர். அந்த வகைப் படத்தில் பார்க்கிறவர்கள் எதையெல்லாம் எதிர்பார்ப்பார்களோ அதெல்லாம் இருக்க வேண்டும் என்றார். விடியற்காலை வெளிச்சம், ஷூ கயிறு கட்டும் விரல்கள், மூச்சிரைப்பு, தனியாக ஒரு பயிற்சி என்று வரிசையாக எழுதிக்கொண்டேன். கடைசி வரி இது: 'விழுவாள். வலியில் துடிப்பாள். எழுந்து ஓடுவாள்.'

நாயகி தேடி நான் அலையவில்லை. பெரியம்மா மகள், எனக்கு அக்கா, மாவட்ட அளவில் கபடி ஆடியவள். ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஷிஃப்ட் முழுக்க லைனில் நின்றே தீரவேண்டும். அரசுத் துறை ஒன்றின் கபடி அணிக்கு ஆள் எடுப்பதாகவும், தேறினால் நிரந்தர வேலை என்றும் அவளுக்குத் தகவல் வந்திருந்தது. தேர்வுக்குப் பத்து நாள்தான் இருந்தது. வயது வரம்பின்படி அதுவே அவளுக்குக் கடைசி வாய்ப்பு. அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன். ஒரே ஒரு காலைப்பொழுதுதான் என்று கெஞ்சினேன்.

நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவளை, வெயில் ஏறுவதற்குள் என்று அவசரப்படுத்தி, நானும் வகுப்பு நண்பர்களும் சேரப்பணஞ்சேரி மைதானத்துக்கு அழைத்துப் போனோம். ஷூ கயிறு கட்டச் சொன்னதும் சிரித்துவிட்டாள்.

"இன்னாடா, ஷூ போட்டுகினு எவளாவது மண்ணுல கபடி ஆடுவாளா?"

"படம்னா அது வேணும்க்கா."

கடைசியில் கம்பெனி கொடுத்த கனத்த கறுப்பு ஷூவுக்குத்தான் கயிறு கட்டினாள். கயிறும் விரல்களும் மட்டும் தெரியும்படி நெருக்கத்தில் எடுத்துக்கொண்டு, பிறகு அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு ஆடவிட்டோம்.

விழும் காட்சிதான் எனக்குத் திருப்தியாக வரவில்லை. பாடிப் போய்க் கோட்டுக்குத் திரும்பும்போது அவள் விழ வேண்டும். அத்தனை வருடம் விழாமல் ஆடிப் பழகிய உடம்பு, ஒவ்வொரு முறையும் தானாகவே சமாளித்துக்கொண்டது. "நிஜமா விழுக்கா" என்று மறுபடி மறுபடி ஓடவிட்டேன். இரவெல்லாம் நின்ற கால்கள் அவை. கடைசி முறை முட்டி ஒரு பக்கமாகத் திரும்பி விழுந்தாள். அதைப் பிடித்துக்கொண்டு மண்ணில் புரண்டாள். கேமரா பிடித்திருந்த நண்பன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். யாரும் நகரவில்லை. தாளில் எழுதியிருந்ததைத்தானே அவள் செய்துகொண்டிருந்தாள்? அடுத்து எழ வேண்டும். காத்திருந்தோம்.

"தம்பி, முடிலடா" என்று அழுதாள். அப்போதும் நான் கட் சொல்லவில்லை. நல்ல வசனம் என்று நினைத்தேன். கதையில் அவளுக்குத் தம்பியே கிடையாது என்பது எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்தக் கொஞ்ச நேரத்துக்காக என்னை நானே இன்றுவரை மன்னிக்கவில்லை.

முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. தேர்வு போயிற்று. லைனில் நிற்க முடியாதவளைக் கம்பெனியும் திரும்பக் கூப்பிடவில்லை. படத்தை ஒப்படைக்க வேண்டிய நாள் நெருங்கியதும் நான் வகுப்புத் தோழி ஒருத்தியை அதே மைதானத்தில் ஓடவிட்டு, அவள் கால்களை மட்டும் எடுத்துச் சேர்த்தேன். நாயகி எழுந்து ஓடாவிட்டால் அது விளையாட்டுப் படமே இல்லையே. விழும் நடிப்பு தத்ரூபம் என்று வகுப்பே கைதட்டியது. நானும் வெட்கமில்லாமல் எழுந்து நின்று நன்றி சொன்னேன்.

அக்கா இப்போது கல்யாணமாகிச் சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கிறாள். மாடிப்படி ஏறும்போது ஒவ்வொரு படியிலும் நின்று நின்றுதான் ஏறுகிறாள். போன மாதம் போயிருந்தபோது, அம்மா கபடி ஆடிய படத்தைக் காட்டு மாமா என்று அவளுடைய ஏழு வயது மகள் அடம்பிடித்தாள். அக்காவும் அதை அதுவரை பார்த்ததில்லை. வேறு வழியில்லாமல் செல்போனில் போட்டுக் காட்டினேன். அம்மா விழுந்ததும் குழந்தை வாயைப் பொத்திக்கொண்டது. கால்கள் ஓடத் தொடங்கியதும் துள்ளிக் குதித்தது.

"ஐ! அம்மா, நீ எழுந்துட்டே!"

தன் கால்களை அக்காவுக்குத் தெரியாதா?

"ஆமா கண்ணு, எழுந்துட்டேன்" என்றாள்.

என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பி நாலு வார்த்தை திட்டியிருந்தால், நான் கொஞ்சமாவது நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.