வஞ்சியில் ஏறாத வாஞ்சி

மட்டாஞ்சேரியில் ஒருவருக்கு முப்பது வருஷம் ஒரே பெயர் நிலைத்து நிற்க வேண்டுமென்றால் அது கேலிப் பெயராக இருக்க வேண்டும். வாஞ்சிநாதனுக்கு அப்படி ஒன்று வாய்த்திருந்தது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவின் மேனேஜர் அவர். வயது ஐம்பத்தாறு. நெற்றியில் எந்நேரமும் விபூதிப் பட்டை, கையில் எந்நேரமும் குடை. வாரத்தில் மூன்று நாள் எர்ணாகுளத்தில் வேலை இருக்கும். படகு ஜெட்டிக்குப் போய்ப் போட்டில் ஏறினால் அரை மணிக்குள் அக்கரை. வாஞ்சிநாதனோ பஸ் ஏறி, தோப்பும்படிப் பாலத்தைச் சுற்றி, நெரிசலில் வேர்த்து வழிந்து, ஒன்றேகால் மணி நேரம் கழித்துப் போய்ச் சேருவார். மலையாளத்தில் வஞ்சி என்றால் படகு. ஊருக்கு வேறென்ன வேண்டும்? 'வஞ்சியில ஏறாத வாஞ்சி' என்று எழுதாத சாசனம் போட்டுவிட்டார்கள்.

அவர் பயந்தது தண்ணீருக்குக்கூட இல்லை. கல்யாணமான புதிதில் மனைவி ஸ்வர்ணலதாவை அக்கரைக்குச் சினிமா பார்க்க அழைத்துப்போனார். ஒரு கால் ஜெட்டியிலும் ஒரு கால் போட்டிலுமாக நின்றுகொண்டு, பெரிய சூரனைப் போல அவளுக்குக் கை நீட்டினார். போட்டு நகர்ந்தது. ஜெட்டி நகரவில்லை. வேட்டி அவிழ்ந்து தண்ணீரோடு போயிற்று. இரண்டு பேர் அவரைக் கக்கத்தில் பிடித்துத் தூக்கிவிட்டார்கள். மலையாளத்தில் படகுத்துறையும் ஜெட்டிதான், உள்ளே போடுவதும் ஜெட்டிதான். அன்றைக்கு மட்டாஞ்சேரி இரண்டையும் ஒருசேரப் பார்த்தது. அதன்பிறகு அந்த விளிம்பில் வாஞ்சிநாதன் காலே வைக்கவில்லை.

ஜெட்டி வாசலில் சாயாக்கடை வைத்திருக்கும் பாண்டியராஜன் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷம்தான் ஆகிறது. வேட்டி போன காலத்தில் அவன் அங்கே இல்லவே இல்லை. ஆனாலும் வேட்டியின் கரை என்ன நிறம், அது எந்தப் பக்கமாக மிதந்து போனது என்பதெல்லாம் நேரில் பார்த்தவனைப் போலச் சொல்லுவான். பஸ் ஸ்டாப் அவன் கடைக்கு எதிரில்.

"சாமி, இன்னைக்காச்சும் வஞ்சியா, இல்ல பாலந்தானா?"

வாரத்துக்கு மூன்று முறை இந்தக் கேள்வி வரும். வாஞ்சிநாதனும் சிரிப்பார். சிரிக்காவிட்டால் இன்னும் சத்தமாகக் கேட்பான் என்று தெரியும். உள்ளுக்குள் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஒரு மனிதன் முப்பது வருஷம் ஒழுங்காக வேலை பார்த்து, ஒரு மூட்டை மிளகு குறையாமல் கப்பலேற்றி, கடைசியில் அவிழ்ந்த வேட்டியாகவே நினைக்கப்படுவது கொடுமை.

இப்படி இருக்கையில் கம்பெனி முதலாளியின் மகன் சுதீர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து நிர்வாகத்தை ஏற்றான். தலைமைப் பண்பு நாற்காலியில் உட்கார்ந்தால் வராது, ஆற்றில் குதித்தால்தான் வரும் என்று அங்கே யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். லடாக்கில் ஸன்ஸ்கார் என்று ஒரு ஆறு, மலைகளை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளத்தாக்கு வழியே பாய்கிறது, அதில் ரப்பர் படகில் மூன்று நாள் போகப்போகிறோம், மேனேஜர்கள் எல்லாரும் வரலாம் என்று அறிவித்தான். பிறகு வாஞ்சிநாதன் பக்கம் திரும்பினான்.

"வாஞ்சி சாருக்கு கம்பல்ஸரி இல்ல கேட்டோ. சார் இவிடத்த போட்டுலகூட..."

மீதியைச் சொல்லாமல் சிரித்தான். வாஞ்சிநாதனின் வாய் அவரைக் கேட்காமலே பேசிவிட்டது.

"நான் வரேன்."

மறுநாள் காலை அவரே தெருவைக் கடந்து சாயாக்கடைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். பாண்டியராஜன் சாயா ஆற்றுவதை நிறுத்திவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நெசமாவா சாமி? நீங்க மட்டும் அங்க போயிட்டு வந்துட்டீங்கன்னா அந்தப் பேர நானே அழிச்சுடறேன். மீனாட்சி மேல சத்தியம்."

வாஞ்சிநாதன் லடாக் போனது தலைமைப் பண்புக்காக இல்லை. இந்தச் சத்தியத்துக்காகத்தான்.

ஸ்வர்ணலதா அழவில்லை. ஊறுகாயும் மோர்மிளகாய்க் கொண்டாட்டமும் கட்டிக்கொடுத்தாள்.

"அங்க வெள்ளம் ஐஸ் மாதிரி தணுப்பாக்கும்னு வீடியோவுல கண்டேன். எனக்கு பேடியும் பயமுமாயிருக்கு, கேட்டேளா. நம்ம சமூகத்து குரூப்புல மெஸேஜ் இடறேன், எல்லாரும் பிரார்த்திக்கட்டும். நீங்க கரையேறற வரைக்கும் நான் போனைத் தொடமாட்டேன். கையில இருந்தா நிமிஷத்துக்கு நிமிஷம் நோக்கி நோக்கி பிராந்து பிடிக்கும்."

எர்ணாகுளத்தில் பிறந்து வளர்ந்தவள், தமிழைவிட மலையாளம்தான் அவளுக்குக் கைக்குச் சுலபமாக வரும். மலையாளத்தில் இரண்டு வரி தட்டி அனுப்பினாள். போனை அணைத்து அரிசிப் பாத்திரத்துக்குள் புதைத்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூணித்துறையில் இருக்கும் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போனாள்.

லடாக்கில் ஆற்றங்கரையில் நேபாளத்து வழிகாட்டி ஒருவர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ரப்பர் உடையையும் லைஃப் ஜாக்கெட்டையும் ஹெல்மெட்டையும் கொடுத்து, தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கினார். மல்லாந்து படு, காலை முன்னால் நீட்டு, எழுந்து நிற்கப் பார்க்காதே. எல்லாரும் உயிரைப் பற்றிச் சந்தேகம் கேட்டார்கள். வாஞ்சிநாதன் கேட்டது ஒன்றே ஒன்று. தண்ணீரில் இந்த உடை அவிழ்ந்துவிடுமா? வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். கரையிலேயே இதைக் கழற்ற இரண்டு ஆள் வேண்டும் என்றார். வாஞ்சிநாதனுக்கு அந்த நிமிஷமே பாதி பயம் போய்விட்டது. படகு மணலில் கிடந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் அதைத் தண்ணீரில் தள்ளினார்கள். விளிம்பும் இல்லை, இடைவெளியும் இல்லை.

முதல் நாள் ஆறு அகலமாக, சாதுவாகப் போனது. சுதீர் படகின் முன்னால் உட்கார்ந்து தலைமை பற்றி உரையாற்றினான். இரண்டாம் நாள் மலைகள் நெருங்கின. சுதீரின் உரை சுருங்கியது. தண்ணீர் சாம்பல் நிறத்தில், வண்டல் கலந்து, படகின் ரப்பரில் உப்புத்தாள் தேய்ப்பதைப் போல ஓயாமல் உரசிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் இரண்டு பக்கமும் பாறைச் சுவர்கள் செங்குத்தாக எழும்பிவிட்டன. மேலே வானம் வேட்டிக்கரை அளவுக்குத்தான் தெரிந்தது. அவ்வளவு அகலமாக வந்த ஆறு, இத்தனை தண்ணீரையும் ஒரு சந்துக்குள் திணித்துக்கொண்டு போயிற்று. திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு முன்னாலேயே காது சொல்லிவிட்டது. இரைச்சல் நெஞ்செலும்பில் இடித்தது.

"ஃபார்வர்டு! ஃபார்வர்டு!"

வழிகாட்டி கத்தினார். வாஞ்சிநாதன் துடுப்பு வலித்தார். முதல் அலை முகத்தில் அறைந்தது. விபூதி போயிற்று. இரண்டாவது அலையின் மேல் படகு ஏறி, உச்சியில் ஒரு கணம் நின்று, அந்தப் பக்கம் குப்புறச் சரிந்தது. யாரும் சொல்லாமலே சுதீர் துடுப்பைக் கீழே போட்டுவிட்டுப் படகின் தரையில் படுத்துக் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். 'அம்மே' என்று அவன் கூப்பிட்டது அந்த இரைச்சலிலும் கேட்டது. மூன்றாவது அலை பக்கவாட்டில் வந்தது. வாஞ்சிநாதன் படகில் இல்லை.

உள்ளே மேல் எது, கீழ் எது என்றே தெரியவில்லை. குளிர் மூச்சைப் பிடுங்கிக்கொண்டது. சாகும் நேரத்தில் கடவுள் நினைவு வரும் என்பார்கள். அவருக்கு வந்தது பாண்டியராஜன் நினைவு. 'இனி அவன் அந்தப் பேரை அழிச்சே ஆகணும்' என்று அவர் நினைத்தார், சத்தியமாக அதைத்தான் நினைத்தார். லைஃப் ஜாக்கெட் அவரை மேலே தூக்கிப் போட்டது. மல்லாந்தார். காலை நீட்டினார். பாறைச் சுவர் பஸ் ஜன்னலில் கடைகள் ஓடுவதுபோல ஓடியது. ஒரு கயிறு வந்து மார்பில் விழுந்தது. பிடித்தார். வழிகாட்டி ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுக்க, வாஞ்சிநாதன் உள்ளே வந்து நேராகச் சுதீரின் முதுகில் விழுந்தார்.

அங்கேயே கிடந்திருக்கலாம், யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் எழுந்தார். சுதீர் போட்டுவிட்ட துடுப்பை எடுத்துக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து, பள்ளத்தாக்கு முடிகிற வரைக்கும் வலித்தார். சிந்து நதியோடு சேருமிடத்தில் கரையேறியபோது அழுதார். சந்தோஷத்தில்தான் அழுதார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன்னைப் பற்றி அவருக்குப் பெருமையாக இருந்தது.

அவருடைய கேரளத்து ப்ரீபெய்ட் சிம் லடாக்கில் வேலை செய்யவில்லை. சுதீரின் போனை வாங்கி மைத்துனி வீட்டுக்குப் பேசி, பிழைத்துக்கொண்ட செய்தியை ஸ்வர்ணலதாவுக்குச் சொன்னார். சுதீர் எல்லாருக்கும் ஆளுக்கொரு டீ-ஷர்ட் கொடுத்தான். நெஞ்சில் 'ஸன்ஸ்கார் சர்வைவர்' என்று ஆங்கிலத்தில் பெரிதாக அச்சிட்டிருந்தது. அதைப் போட்டுக்கொண்டே வாஞ்சிநாதன் நெடும்பாசேரியில் விமானம் இறங்கி, தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தினார். கொஞ்சம் நடந்து போகலாம், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஆசை.

கரண்ட் கம்பத்தில் அவர் முகம் தொங்கிக்கொண்டிருந்தது. மாலை போட்ட படம். கீழே மலையாளத்தில் 'ஆதராஞ்சலிகள்'.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் எதிர்வீட்டு பாக்கியலக்ஷ்மி மாமி வெளியே வந்தாள். சமூகத்து மகளிர் சங்கத்தின் செயலாளர். "பகவதீ!" என்று அலறினாள். பிறகு அவரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு கோபித்துக்கொண்டாள்.

"அப்போ நீங்க மரிக்கலையா?"

"இல்லையே மாமி."

"பின்ன எந்துக்கு உங்காத்துக்காரி அப்படி மெஸேஜ் இட்டா?"

போனை எடுத்து நீட்டினாள். ஸ்வர்ணலதா 'ஸன்ஸ்கார்' என்றுதான் தட்டியிருக்கிறாள். அவளுடைய போனுக்குப் பூகோளம் தெரியவில்லை, மலையாளம் நன்றாகத் தெரிந்திருந்தது. தானே திருத்தி அனுப்பிவிட்டது. 'வாஞ்சிநாதன். சம்ஸ்காரம் பதினாலாம் தேதி காலை எட்டு மணி. எல்லாரும் பிரார்த்திக்கவும்.' பேப்பரில் செத்தவர் படத்துக்குக் கீழே தினமும் வருகிற சொல் அது. சம்ஸ்காரம் என்றால் தகனம். வீடு பூட்டிக் கிடக்கிறது, அவள் போன் அணைந்திருக்கிறது, அவர் போனுக்கு லைன் கிடைக்கவில்லை. கம்பெனிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் செய்தி பொய்யாகிவிடக்கூடும் என்பதால் யாரும் கேட்கவில்லை. எங்கேயோ தகனம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டி, சமூகத்து ஹாலில் இரங்கல் கூட்டமும் போட்டுவிட்டார்கள். ஐந்து பேர் பேசினார்களாம். ஐந்து பேரும் வேட்டிக் கதையைத்தான் சொன்னார்களாம்.

வாஞ்சிநாதன் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டார். செத்ததுகூடப் பரவாயில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்.

"நான் எப்படிப் போனேன்னு பறஞ்சா? ஆத்துல முங்கித்தானே?"

"சுதீர்கூட எங்கியோ ஆத்துக்குப் போயிருக்கார்னு அந்த சாயாக்கடைக்காரன் பறஞ்சான். அவனே விஸ்வஸிக்கல. போட்டுலகூட ஏறாத மனுஷன் அத்தனை தூரம் போய் ஆத்துல எறங்குவாரா? ஹார்ட் அட்டாக்னு வெச்சோம். பஸ்ஸுல."

"பஸ்ஸுலயா?"

"பாலத்து மேல வெச்சு" என்றாள் மாமி, சமாதானம் சொல்லுகிற குரலில்.

வாஞ்சிநாதனுக்கு ரத்தம் கொதித்தது. பையையும் குடையையும் தூக்கிக்கொண்டு, வீட்டுக்குள்கூட நுழையாமல், நேராக ஜெட்டியைப் பார்க்க நடந்தார். போகிற வழியெல்லாம் கதவுகள் திறந்தன. ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். ஜெட்டியில் போட்டு கிளம்பத் தயாராக நின்றது. பாண்டியராஜன் அவர் முகத்தைப் பார்த்தான், பிறகு டீ-ஷர்ட்டில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தான். கையிலிருந்த சாயா தரையில் கொட்டியது. வாஞ்சிநாதன் அவனைத் தாண்டி நடந்தார். டிக்கெட் வாங்கிக்கொண்டு விளிம்புக்குப் போனார்.

அதே இடைவெளி. ஒரு முழம் கறுப்புத் தண்ணீர், அதில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில். ஸன்ஸ்காரில் தேவைப்படாத காரியம் ஒன்றை இங்கே செய்தார், பேன்ட் பெல்ட்டை ஒரு துளை இறுக்கினார். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஃபார்வர்டு" என்று தனக்குத்தானே சொல்லி, இரண்டு காலையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவினார்.

போட்டில் நின்றார். பேன்ட் இடுப்பிலேயே இருந்தது. மெதுவாகக் கரைப்பக்கம் திரும்பினார். பாதி மட்டாஞ்சேரி அங்கே மூச்சுவிடாமல் நின்றிருந்தது. முப்பது வருஷம் கழித்து இதோ அந்தப் பெயர் அழியப்போகிறது. அவர் பாண்டியராஜனைப் பார்த்தார், சத்தியத்தை நினைவுபடுத்துகிற பார்வை. பாண்டியராஜனுக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பியிருந்தது. அவன் இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூவினான்.

"அதானே! செத்ததுக்கு அப்புறம் என்ன சாமி பயம்?"

ஜெட்டியே குலுங்கிச் சிரித்தது. போட்டில் இருந்தவர்கள் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டிக்கெட் கொடுக்கிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எஞ்சின் கிளம்பியது. வாஞ்சிநாதன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்தபடி, அரை மணி நேரமும் நின்றே போனார். எர்ணாகுளத்தில் இறங்கி, பஸ் ஏறி, பாலம் வழியாக வீட்டுக்குத் திரும்பினார்.