பின்னால் தள்ளிய விமானம்

ஆம்பூருக்கு வெளியே ஷூவுக்கு சோல் செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றை நடத்துகிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது. பெங்களூருவுக்குப் போய்ப் போய்க் கற்றுக்கொண்டு, உரிமம் வாங்கி, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய பழைய விமானம் ஒன்றையும் வாங்கினேன். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் என் குரலில் ஒரு மிதப்பு ஏறிவிடும். அந்த மிதப்பு என்னை என்ன செய்ய வைத்தது என்பதை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தோல் வியாபாரம் செய்த ஒரு குடும்பம் தங்கள் நிலத்தில் சின்ன ஓடுதளம் ஒன்று போட்டிருந்தது. அதன் ஓரத்தில் முன்பு தேங்காய் மட்டை அடுக்கிவைத்த தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் ஹேங்கர். வேலூர் டாக்டர் ஒருவருடைய விமானமும் என்னுடையதும் அதில் நின்றன. ஒன்றரை விமானத்துக்குத்தான் அங்கே இடம். டாக்டருடைய விமானத்துக்கு இறக்கை தாழ்வாக இருக்கும், என்னுடையதற்குத் தலைக்கு மேலே இருக்கும். அதனால் முதலில் அவருடையதை உள்ளே விட்டு, பிறகு என்னுடையதை வால் பக்கமாகத் தள்ளினால், என் இறக்கை அவர் இறக்கைக்கு மேலே போய் நிற்கும். ஆனால் என் வால் அவருடைய இறக்கை நுனியை ஒரு ஜாண் இடைவெளியில் தாண்டிப் போக வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு, முன்சக்கரத்தில் ஒரு கம்பியை மாட்டி, கையால்தான் தள்ளுவோம். முன்னால் நின்று தள்ளுகிறவனுக்கு வால் பக்கம் என்ன நடக்கிறது என்பது தெரியாது. பின்னால் ஒருவர் நின்று சொல்ல வேண்டும்.

அப்படிச் சொல்வதற்கு ஒரு அம்மா இருந்தார். ஓடுதளத்தைப் பெருக்கி, ஆடு நாய் வராமல் பார்த்துக்கொள்வது அவருக்குக் கொடுத்திருந்த வேலை. அதற்கு முன் ஷூ கம்பெனியில் பதினைந்து வருடம் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவர். தோலில் ஒரு நூல் அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண் அவருக்கு. எங்கள் விமானங்களை முதல் மாதமே அளந்து வைத்துவிட்டார். வாலுக்குப் பக்கத்தில் நின்று, "வரட்டும், வரட்டும், இந்தாண்ட கொஞ்சம்" என்பார். ஆபத்து என்றால் மட்டும் "நில்லு!" என்று கத்துவார். அப்போது சார், கீர் எல்லாம் இருக்காது. டாக்டரும் நானும் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவோம். எனக்கு அவரை விட இரண்டு மூன்று வயதுதான் கூட இருக்கும். "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் பேசுவேன்.

அந்தச் சனிக்கிழமை என் மகளைப் பெண் கேட்டிருந்த வீட்டார் சத்துவாச்சாரியிலிருந்து வந்திருந்தார்கள். பையன், அவனுடைய அப்பா, அம்மா. பேச்சு முடிந்திருந்தது, நிச்சயதார்த்தம் ஆகவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு அமிர்தி அருவிக்குப் போய்வரலாமே என்று அவர்கள்தான் சொன்னார்கள். "அருவியை எப்ப வேணா பாக்கலாம், வாங்க என் பிளேனைப் பாக்கலாம்" என்று நான்தான் இந்தப் பக்கம் அழைத்துவந்தேன். மகளும் கூட வந்தாள். பையனின் அப்பா அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முன்னால் நான் வெறும் சோல் செய்கிறவன் இல்லை என்று காட்ட வேண்டியிருந்தது.

ஒரு சுற்றுப் பறந்துவிட்டு வந்து இறங்கினேன். எல்லாரும் கை தட்டினார்கள். கொட்டகை வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பியை மாட்டினேன். பையனின் அப்பா, "நானும் ஒரு கை பிடிக்கட்டுமா?" என்றார். "வேணாம் சார், இது ஒரு டெக்னிக்" என்றேன். வாசலில் சின்ன ஏற்றம் இருக்கிறது. அதற்காக வழக்கத்தைவிட வேகமாகவே தள்ளினேன்.

"நில்லு!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

எனக்கு நன்றாகக் கேட்டது. நாலு பேர் பார்க்க, பெருக்குகிற அம்மா என்னை நில்லு என்கிறாரே என்று காது சூடானது. இன்னும் இரண்டடி இருக்கும், பிறகு நிறுத்திக்கொள்ளலாம் என்று தள்ளினேன். "ஐயோ, நில்லு நில்லு!" என்று மறுபடியும் கத்தினார். அதற்குள் மடக் என்று ஒரு சத்தம் கேட்டது.

டாக்டர் விமானத்தின் இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு. அதன் மூடி நொறுங்கித் தரையில் கிடந்தது. இறக்கை நுனியும் விரிசல் விட்டிருந்தது. அந்த அம்மா என் வாலை இரண்டு கையாலும் பிடித்துத் தடுத்தபடி நின்றிருந்தார். அவருடைய முழங்கையில் சிராய்ப்பு.

நான் அவரிடம் போய் அடிபட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். "எங்க பாத்துனு இருந்தே நீ?" என்று கத்தினேன். "இதுக்குத்தானே உன்னை நிக்க வெச்சிருக்கு? ஒரு வார்த்தை சொல்ல மாட்டே?"

நீ என்று அவரை அழைத்தது அதுதான் முதல் தடவை. அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு வந்திருந்தவர்களைப் பார்த்தார். என் மகளையும் பார்த்தார். துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து உடைந்த சில்லுகளைக் கூட்டி அள்ளினார். பையனின் அம்மா மட்டும், "பரவால்ல விடுங்க" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

வந்தவர்களை அவர்கள் வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பும்போது காரில் மகளும் நானும்தான். நெடுஞ்சாலைக்கு வந்ததும் அவள் சொன்னாள்.

"அப்பா, அவங்க ரெண்டு வாட்டி கத்துனாங்க."

"இன்ஜின் சத்தத்துல எனக்குக் கேக்கலம்மா."

"இன்ஜினை ஆஃப் பண்ணிட்டுத்தானேப்பா தள்ளுனீங்க."

அதன் பிறகு வீடு வரும்வரை அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரேடியோவைப் போட்டேன். ஒரு பாட்டு முடிவதற்குள் அவளே கை நீட்டி அதை நிறுத்தினாள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஆத்திரத்தில் சொன்னது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். மறுநாள் காலையில் டாக்டருக்கு நானே போன் செய்து, "அந்தம்மா கவனிக்காம விட்டுட்டாங்க டாக்டர்" என்றேன். நிதானமாக, காபி குடித்துக்கொண்டே சொன்னேன். "அவங்களா? கவனிக்காமயா?" என்று டாக்டர் ஒரு தடவை கேட்டார். நான் "ஆமா" என்றேன். அவர் விமானம் சரியாகிப் பறக்க ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஓடுதளத்து மேனேஜர், அந்த அம்மா இனிமேல் விமானத்தின் பக்கமே வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். வாட்ச்மேன் பின்னால் நின்று வழி சொல்ல ஆரம்பித்தார். நான் போகும்போதெல்லாம் அந்த அம்மா ஓடுதளத்தின் கடைசி முனையில் வெயிலில் பெருக்கிக்கொண்டிருப்பார். என் கார் வந்தால் முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். மூன்று வாரம் அந்த முதுகைப் பார்த்தேன். மகள் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். நிச்சயதார்த்தத்துக்குத் தேதி கேட்டால், "பாக்கலாம்பா" என்றாள்.

நாலாவது வாரம் ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். ஓடுதளத்திலிருந்து நடக்கிற தூரம்தான். வாசலில் அவருடைய மருமகள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், மகன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா உள்ளேயிருந்து விறுவிறு என்று வந்தார். "சார் ஷெட் சாவி கேட்டு வந்துருக்காரு" என்று மகனிடம் சொல்லிவிட்டு, என்னைத் தெருமுனை வரைக்கும் நடத்திக்கொண்டு போனார்.

"இன்னா சார் நீங்க, வீட்டாண்டயே வந்துட்டீங்க? இங்க யாருக்கும் தெரியாது. கை சிராய்ச்சதுக்குக்கூட வழுக்கி வுழுந்துட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"மன்னிப்புக் கேக்கத்தாம்மா வந்தேன். தப்பு என்னுது. நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னு எனக்குத் தெரியாதா சார்?" என்றார். "திட்டும்போது அத்தினி பேரை வெச்சினு திட்டுனீங்க. இப்ப தனியா கூப்ட்டு சொன்னா, எனக்கு இன்னா ஆவப்போவுது?"

ஆப்பிள் பையை அவர் வாங்கவில்லை.

என் மனப் பாரத்தை இறக்கி வைக்க அவர் வீட்டு வாசலைத் தேடிப்போயிருக்கிறேன். அவர் மறைத்து வைத்திருந்த அவமானத்தை அவர் மகன் எதிரில் போட்டு உடைக்கப் பார்த்திருக்கிறேன். பையைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தபோது, திட்டிய அன்றைக்கு வந்திருக்க வேண்டிய வெட்கம் அப்போதுதான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை டாக்டரையும் மேனேஜரையும் கொட்டகைக்கு வரச் சொன்னேன். வாட்ச்மேனும் இருந்தார். அந்த அம்மாவையும் வரும்படி கேட்டேன். துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "அன்னைக்கு இந்தம்மா ரெண்டு தடவை நில்லுன்னாங்க. எனக்குக் கேட்டுச்சு. பெருமைக்காகத் தள்ளினேன். அப்புறம் உங்ககிட்ட பொய் சொன்னேன்" என்றேன். மேனேஜர் தரையைப் பார்த்தார். டாக்டர், "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த அம்மா தலையை மட்டும் அசைத்தார்.

சம்பந்தி வீட்டுக்குப் போன் செய்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. பையனின் அப்பா கடைசிவரை கேட்டுவிட்டு, "எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு சார். நாங்களும் அன்னைக்கு வாயைத் திறக்கல" என்றார். பிறகு இரண்டு பேரும் போனை வைத்துவிட்டோம். கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விமானத்தைப் பற்றி அந்த வீட்டில் இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

அந்த அம்மாவை மேனேஜர் மறுபடியும் விமான வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார். டாக்டர் விமானத்துக்கு அவர்தான் பின்னால் நிற்கிறார். என் விமானம் வந்தால் வாட்ச்மேனைப் பார்த்து, "நீ போ" என்பார். ஒருநாள் நானே கேட்டேன், "எனக்கும் பாக்கக் கூடாதாம்மா?" என்று. "உங்க வண்டி வேணாம் சார்" என்றார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

வாட்ச்மேனுக்கு அவருடைய கண் இல்லை. அதனால் இரண்டடி தள்ளுகிறேன், கம்பியைக் கீழே வைக்கிறேன், வால் வரைக்கும் நடந்துபோய்க் குனிந்து பார்க்கிறேன், திரும்பி வந்து இன்னும் இரண்டடி தள்ளுகிறேன். உள்ளே விட்டு முடிக்க அரை மணி நேரம் ஆகிவிடுகிறது.